சிறிய தட்டுகள் உள்ள ஜிம்: வெள்ளவத்தையில் பளுதூக்கப் பழகுவோருக்கான ஒரு நிலையம்

கொழும்பில் உடற்பயிற்சி நிலையங்களுக்குக் குறைவில்லை. பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை காலி வீதியில் பஸ்ஸில் போகிறவர் சற்று அண்ணாந்து பார்த்தால், துணிக்கடைகளுக்கும் வங்கிகளுக்கும் மேலே, கண்ணாடிக்குப் பின்னால், நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் மனிதர்களைக் காணலாம். ஆனால், இரும்புத் தண்டை வாழ்க்கையில் முதன்முதலாகத் தொடப்போகும் ஒருவருக்கு அதை எப்படிப் பிடிப்பது, எப்படி இறக்குவது, தூக்க முடியாமற்போனால் எப்படிக் கைவிடுவது என்பவற்றை வரிசையாகச் சொல்லிக்கொடுக்கும் இடத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் இயங்கும் ஒரு நிலையத்தில் புதியவர்களுக்கென்றே மூன்று மாதப் பயிற்சி ஒன்றை நடத்துகிறார்கள். நாற்பதுகளின் நடுவில் இருக்கும் நானும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த என் அக்காவின் மகனும் அதில் ஒன்றாகச் சேர்ந்து முடித்தோம். குறைகளையும் எழுதவேண்டியிருப்பதாலும், சிறு முதலீட்டில் நடக்கும் இடம் என்பதாலும் அதன் பெயரை இங்கே தவிர்க்கிறேன். புதிதாகச் சேர விரும்பும் ஒருவர் எந்த நிலையத்தின் படியேறினாலும் எதைப் பார்க்கவேண்டும், எதைக் கேட்கவேண்டும் என்பதற்கு இந்த ஒரு நிலையம் போதுமான உதாரணம்.

எதைக் கற்பிக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒலிம்பிக்கில் இடம்பெறும் பளுதூக்கல் என்பது ஸ்னாட்ச் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேலே), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேலே) என்ற இரண்டு தூக்கல்களை மட்டுமே கொண்ட, வேகமும் நுணுக்கமும் நிறைந்த விளையாட்டு. 2006 மெல்பேர்ண் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் சிந்தன விதானகே 62 கிலோ பிரிவில் தங்கம் வென்றதும், 2022 பேர்மிங்ஹாமில் டிலங்க இசுரு குமார 55 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றதும் அந்த விளையாட்டில்தான். ஸ்குவாட் (தண்டைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவது), பெஞ்ச் பிரஸ் (வாங்கில் படுத்தபடி தண்டை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் தண்டைப் பிடித்து நிமிர்வது) என்ற மூன்றையும் கொண்ட பவர்லிஃப்டிங் அதிலிருந்து வேறானது. தசையின் அளவையும் வடிவையும் மேடையில் மதிப்பிடும் உடற்கட்டழகுப் போட்டி இவ்விரண்டிலும் சேராதது. இந்த நிலையம் கற்பிப்பது பவர்லிஃப்டிங்கின் மூன்று தூக்கல்களையும், நின்றபடி தலைக்கு மேலே தூக்கும் ஓவர்ஹெட் பிரஸையும். போட்டிக்காக அல்ல, பொதுவான உடல்வலுவுக்காக. ஸ்னாட்ச் பழக வேண்டும் என்று வருபவரை, அதற்கான பயிற்றுவிப்பாளர் உள்ள விளையாட்டுக் கழகம் ஒன்றைத் தேடும்படி அவர்களே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோலக் கற்பிக்காத இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இனி, ஒரு ஜிம் புதியவருக்கு ஏற்றதா என்பதை எதை வைத்து அறிவது? பெரும்பாலானோர் அங்குள்ள மெஷின்களை எண்ணுகிறார்கள். இன்னும் சிலர் அங்கே பயிற்சி செய்பவர்களின் புயத்தைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது, தண்டின் இரு முனையிலும் பூட்டும் எடைத் தட்டுகளில் அங்குள்ள ஆகச் சிறியது எது என்பதை. ஆண்களுக்கான நியம ஒலிம்பிக் தண்டு எந்தத் தட்டும் பூட்டாமலே 20 கிலோ எடையுள்ளது. பெண்களுக்கானது 15 கிலோ. ஒருபோதும் பாரம் தூக்காத ஒருவர் நின்றபடி தலைக்கு மேலே தூக்கத் தொடங்கினால், சில வாரங்களில் 25 கிலோவுக்கு வந்து நிற்பார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஜிம்மில் உள்ள ஆகச் சிறிய தட்டு 2.5 கிலோவாக இருந்தால், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று பூட்டவேண்டியிருப்பதால், அவருடைய அடுத்த படி 30 கிலோ. அதாவது ஒரே தாவலில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் பாரம். யாராலும் அப்படி ஏற முடியாது. 1.25 கிலோ தட்டு இருந்தால் அடுத்த படி 27.5 ஆகும், அரைக் கிலோத் தட்டு இருந்தால் 26 ஆகும். பாரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டு போவதைத் தவிர இந்தக் கலையில் வேறு இரகசியம் இல்லாதபோது, அந்தச் சிறு கூட்டலைச் செய்யவே வழியில்லாத ஓர் இடத்தில் மாதக்கணக்காகப் பணம் கட்டுவது வீண்.

இந்த நிலையத்தில் 20 கிலோ, 15 கிலோத் தண்டுகளுடன் 10 கிலோப் பயிற்சித் தண்டு ஒன்றும், 1.25 கிலோத் தட்டுகள் தாராளமாகவும், அரைக் கிலோத் தட்டுகள் ஒரே ஒரு சோடியும் உள்ளன. அந்த ஒரு சோடிக்கு மாலையில் ஏற்படும் போட்டியைப் பார்த்தால், 20 கிலோத் தட்டுகள் சுவரோரம் கேட்பாரற்றுக் கிடப்பது வேடிக்கையாக இருக்கும். இன்னும் இரண்டு சோடி வாங்கிப்போட்டால் என்ன என்று கேட்டதற்கு, அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று உரிமையாளர் சொன்னார். பாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தூக்குகிறார்களா, கடுதாசிக்கு மேல் வைக்கிறார்களா என்று தெரியவில்லை.

தட்டின் விட்டமும் எடையைப் போலவே முக்கியமானது என்பதை இங்குதான் அறிந்தேன். போட்டிகளில் பாவிக்கும் பெரிய தட்டுகளின் விட்டம் 450 மில்லிமீட்டர். அதைப் பூட்டித் தரையில் வைத்தால் தண்டு ஏறத்தாழ 22.5 சென்டிமீட்டர் உயரத்தில், முழங்காலுக்குக் கீழே காலின் நடுப்பகுதியை ஒட்டி நிற்கும். டெட்லிஃப்ட் செய்பவர் குனிந்து பிடிக்கவேண்டிய உயரம் அதுவே. ஆனால் 20 கிலோத் தண்டில் 10 கிலோவை மட்டும் ஏற்றத் தொடங்கும் ஒருவருக்குப் பூட்டும் சிறிய இரும்புத் தட்டுகள் விட்டத்திலும் சிறியவை. தண்டு தரையை நோக்கி இறங்கிவிடும். அவரும் அதற்காக இன்னும் கீழே குனிவார். இடுப்பில் மடியவேண்டியவர் முதுகில் வளைவார். முதுகுப் பிடிப்புடன் முதல் வாரத்திலேயே விலகுபவர்களில் சிலருக்கேனும் இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். இவர்கள் இதற்கு மலிவான ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: தச்சரிடம் செய்வித்த மரக்குற்றிகளைத் தட்டுகளின் கீழே வைத்து, தண்டைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பெரிய விட்டமும் சிறிய எடையும் கொண்ட பிளாஸ்டிக் பயிற்சித் தட்டுகள் சந்தையில் உண்டு, விலை கூடியவை. மரக்குற்றி அந்த வேலையைக் குறையின்றிச் செய்கிறது.

கற்பித்தல் முறைதான் இந்த நிலையத்தின் ஆகப் பெரிய பலம். சேரும் நாளில் பிரஷர் உண்டா, சீனி வருத்தம் உண்டா, குடலிறக்கம் போன்றவற்றுக்குச் சத்திரசிகிச்சை செய்ததுண்டா, முழங்கால், தோள், முதுகு ஆகியவற்றில் பழைய காயம் உண்டா என்று ஒரு படிவத்தில் எழுதி வாங்குகிறார்கள். இது சம்பிரதாயத்துக்காக அல்ல. பாரம் தூக்கும்போது மூச்சை உள்ளிழுத்து, வயிற்றை இறுக்கி, ஒரு கணம் அடக்கிக்கொள்வது முதுகெலும்பைத் தாங்கும் உத்தி. ஆனால் அந்தக் கணத்தில் இரத்த அழுத்தம் சடுதியாக உயரும். ஆகவே பிரஷர் உள்ளவர் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்கவேண்டும் என்பதிலும், அப்படிப்பட்டவருக்கு மூச்சை அடக்காமல் வெளிவிட்டபடி குறைந்த பாரத்தைத் தூக்கவே கற்பிக்கவேண்டும் என்பதிலும் தலைமைப் பயிற்றுவிப்பாளர் கண்டிப்பாக இருந்தார். என்னுடன் சேர வந்த ஒருவரிடம் மருத்துவரின் கடிதத்துடன் வரும்படி சொல்லி, கட்டிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

முதல் வாரத்தில் தண்டையே தரமாட்டார்கள். ஒரு தும்புத்தடிக் கட்டையை முதுகோடு ஒட்டிப் பிடிக்கச் செய்து, பின்தலை, மேல்முதுகு, இடுப்பின் கீழ்முனை ஆகிய மூன்று இடங்களிலும் அது விலகாமல் இருக்க, இடுப்பிலிருந்து மட்டும் குனிந்து நிமிரச் சொல்கிறார்கள். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. அலுவலகக் கதிரையில் இருபது வருடம் இருந்த உடம்புக்கு அது சுலபமே அல்ல. அடுத்ததாக ஒரு சிறிய டம்பெலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்னால் வைத்த தாழ்வான பெட்டியில் இருந்து எழும்பும் ஸ்குவாட். இவை இரண்டும் சரிவந்த பிறகே வெறும் தண்டு கைக்கு வரும். பத்தொன்பது வயது மருமகன் இந்த வாரத்தைப் பெருமூச்சுடன் கழித்தான். பக்கத்தில் அவன் வயதுப் பையன்கள் அறுபது, எழுபது கிலோவைக் கோணல்மாணலாகத் தூக்கிக் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு அப்படித் தோன்றியது இயல்பே. தலைமைப் பயிற்றுவிப்பாளர் காலியைச் சேர்ந்த சிங்களவர். எல்லா இளைஞர்களையும் ‘மல்லி’ (சிங்களத்தில் தம்பி) என்றே அழைப்பவர். அவனிடம் பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும், “மல்லி, தண்டு எங்கேயும் போகாது, அது இங்கேதான் இருக்கும்” என்று சொல்லிச் சிரித்தார்.

நான் வேறெந்த ஜிம்மிலும் கேள்விப்படாத பாடம் ஒன்று இரண்டாம் வாரத்தில் வந்தது. தூக்க முடியாமற்போனால் என்ன செய்வது என்பதை, பாரம் ஏற்றுவதற்கு முன்னரே பழக்குகிறார்கள். தண்டைத் தாங்கும் இரும்புச் சட்டமான ரேக்கின் இரு பக்கமும் குறுக்கே வைக்கும் பாதுகாப்புக் கம்பிகளை அவரவர் உயரத்துக்கு ஏற்ப எந்தத் துளையில் பொருத்துவது என்று காட்டி, அந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதச் செய்து, வெறும் தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு கீழே போய், வேண்டுமென்றே எழும்பாமல், தண்டைக் கம்பிகளின் மேல் இறக்கிவிட்டு முன்பக்கமாக வெளியே வரச் சொல்கிறார்கள். பெஞ்ச் பிரஸுக்கும் அப்படியே: கம்பிகளின் உயரம், நெஞ்சை நிமிர்த்தும்போது தண்டு நெஞ்சைத் தொடவும், நெஞ்சைத் தளர்த்தும்போது தண்டு கம்பியில் தங்கவும் ஏற்றதாக இருக்கவேண்டும். ஆளில்லாத நேரத்தில் தனியாகப் படுத்துப் பாரம் தூக்கி, தண்டு கழுத்தில் விழுந்து உயிர்போன செய்திகள் உலகின் பல இடங்களிலிருந்தும் வந்துள்ளன. இரண்டு கம்பிகளால் தவிர்க்கக்கூடிய சாவு அது. இதைப் பழகியபின் பாரத்தின் மீதிருந்த பயம் பாதியாகக் குறைந்ததை இருவருமே உணர்ந்தோம்.

அதன்பிறகு திட்டம் எளிமையானது. திங்கள், புதன், வெள்ளி என வாரத்துக்கு மூன்று நாள். இரண்டு வகைப் பயிற்சி மாறி மாறி வரும். ஸ்குவாட் எல்லா நாளும் உண்டு. ஒரு நாள் பெஞ்ச் பிரஸ், மறுநாள் ஓவர்ஹெட் பிரஸ். டெட்லிஃப்ட் ஒன்றுவிட்டு ஒரு நாள். ஒவ்வொன்றிலும் ஐந்து ரெப் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) சேர்ந்த செட் மூன்று, டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட், செட்டுகளுக்கிடையே இரண்டு மூன்று நிமிட ஓய்வு. எல்லா ரெப்பும் ஒழுங்காக வந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டவேண்டும். வராவிட்டால் அதே பாரம். மூன்று முறை தொடர்ந்து வராவிட்டால் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து மீண்டும் ஏறவேண்டும். உலகெங்கும் புதியவர்களுக்குக் கொடுக்கப்படும் திட்டந்தான் இது, இவர்களுடைய கண்டுபிடிப்பல்ல. இதில் எனக்கு இரண்டு மறுப்புகள் உண்டு. ஒன்று, வாரத்தில் மூன்று முறை பாரமான ஸ்குவாட் என்பது இருபது வயதுக்காரருக்குச் சரி. நாற்பதைத் தாண்டியவரின் முழங்கால் அதை விரும்பாது. கேட்டால் நடு நாளில் பாரத்தைக் குறைத்துக் கொடுக்கிறார்கள், ஆனால் கேட்கத் தெரியவேண்டும். மற்றது, தள்ளும் பயிற்சிகள் இரண்டு இருக்க, கையால் உடலை நோக்கி இழுக்கும் பயிற்சி எதுவும் முதல் மாதத்தில் இல்லை. தோள் முன்னோக்கிக் கூனிய கணினிப் பணியாளர்கள் பாதிப்பேர் சேரும் இடத்தில், குனிந்து நின்று டம்பெலை இழுக்கும் ‘ரோ’ என்ற பயிற்சியையேனும் முதல் நாளிலிருந்தே சேர்த்திருக்கலாம்.

கொப்பியைப் பற்றிச் சொன்னேன். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுத்து, திகதி, பாரம், ரெப், அன்று எப்படி இருந்தது என்பவற்றை எழுதச் செய்கிறார்கள். கைபேசிச் செயலி பாவிப்போரையும் விடுவதில்லை. வார முடிவில் பயிற்றுவிப்பாளர் பார்த்துக் கையெழுத்திடுகிறார். பாடசாலை ஞாபகம் வரும், சிலருக்கு எரிச்சலும் வரும். ஆனால் இதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் சில வாரங்களில் வரும் பலம் தசை வளர்ந்ததால் வருவதன்று. இருக்கும் தசையைக் கூடுதலாகவும் ஒழுங்காகவும் இயக்க நரம்பு மண்டலம் பழகுவதால் வருவது. ஸ்குவாட்டின் பாரம் இரட்டிப்பாகியிருக்கும், கண்ணாடியில் அதே ஆள்தான் நிற்பார். கண்ணாடியை நம்புபவர் இந்தக் கட்டத்தில் மனம்விட்டு விலகுகிறார். கொப்பியைப் பார்ப்பவருக்கு ஏற்றம் எழுத்தில் தெரிகிறது. முதல் நாட்களின் தசைநோவைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள்: பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் அது உச்சத்தில் இருக்கும், பிறகு தானே தணியும், நோவு கூடினால்தான் பலன் கூடும் என்பது தவறு. மூட்டுக்குள் குத்துவது போன்ற வலி மட்டும் வேறு. அது வந்தால் நிறுத்தவேண்டும்.

பெண்களுக்கு இந்த இடம் எப்படி என்று கேட்ட உறவினர்களுக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: கற்பித்தல் நன்று, ஏற்பாடு போதாது. காலை ஒன்பதிலிருந்து பதினொரு மணி வரை பெண்களுக்கு மட்டும், பெண் பயிற்றுவிப்பாளருடன். வேலைக்குப் போகாத பெண்களுக்கு இது வசதி. வங்கியிலும் பாடசாலையிலும் வேலை செய்யும் பெண்கள் அந்த நேரத்துக்கு எப்படி வருவார்கள்? அவர்கள் மாலை நெரிசலில் ஆண்களோடு நின்று தங்கள் முறைக்குக் காத்திருக்கவேண்டும்; உடைமாற்றும் அறையும் ஒன்றே. பாரம் தூக்கினால் ஆண்களைப் போல உடம்பு தடித்துவிடும் என்ற பயம் நம்மவரிடையே இன்னும் இருக்கிறது. தசைப் பருமனுக்கு உதவும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களின் உடலில் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. வாரம் மூன்று நாள் ஸ்குவாட் செய்து யாரும் அப்படி ஆகிவிடுவதில்லை. மாறாக, மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும் வயதில், எலும்புக்குப் பாரம் கொடுக்கும் பயிற்சி அந்தக் குறைவை மெதுவாக்க உதவும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், வயதுவந்தோர் அனைவரும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்யவேண்டும் என்கிறது. காலை நேரத்தில் வரும், அறுபதைக் கடந்த ஓர் அம்மா, 10 கிலோத் தண்டில் தொடங்கியவர், இப்போது வெள்ளவத்தைச் சந்தைப் பையை மூன்றாம் மாடிக்கு ஓட்டோக்காரத் தம்பியின் உதவியில்லாமல் ஏற்றிக்கொண்டு போவதாகப் பெருமையாகச் சொன்னார்.

கட்டடத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதற்கு அதிகமில்லை. குளிரூட்டி கிடையாது, மேலே சுழலும் விசிறிகள் சூடான காற்றையே சுற்றிவிடுகின்றன. ஏப்ரல் மாதத்தில் மாலை ஆறு மணிக்கு அங்கே நின்றால் முதல் செட்டுக்கு முன்னரே சட்டை நனைந்துவிடும். கடல் கூப்பிடு தூரம் என்பதால் உப்புக்காற்று இரும்பை விடுவதில்லை. இரண்டு தண்டுகளில் கைபிடிக்கும் சொரசொரப்பான பகுதி துருவேறி, உள்ளங்கைத் தோலைக் கிழிக்கும் நிலையில் உள்ளது. ஒன்றில் தட்டுப் பூட்டும் நுனி சுழலாமல் இறுகிப்போயிருக்கிறது. வாரம் ஒருமுறை தூரிகையால் தேய்த்து எண்ணெய் பூசினால் தவிர்க்கக்கூடிய குறை இது. தளம் அழுக்காவதாகச் சொல்லி, பிடி வழுக்காமல் கையில் பூசும் சோக்குத்தூளைத் தடைசெய்திருக்கிறார்கள். வியர்க்கும் ஊரில் கைக்குச் சோக்கும் இல்லாமல் டெட்லிஃப்ட் செய்யச் சொல்வது நியாயமில்லை, ஆகவே நீர்ம வடிவிலான சோக்கைக் கொண்டுபோவது நல்லது. பாதுகாப்பு விதிகள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும் சுவரில் தொங்குகின்றன. வருபவர்களில் பெரும்பான்மையினர் தமிழர்களாக இருக்கும் வெள்ளவத்தையில் இது கவனயீனம் என்றே சொல்லவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை நெரிசல். ரேக்குகள் இரண்டு. மாலை ஆறிலிருந்து எட்டு மணி வரை ஒவ்வொன்றுக்கும் நாலைந்து பேர் காத்திருப்பார்கள். திட்டம் ஸ்குவாட்டை எல்லா நாளும் வைக்கிறது. ஸ்குவாட்டுக்கு ரேக் வேண்டும். மூன்றாவது ரேக் வைக்கவேண்டிய இடத்தில் யாரும் பாவிக்காத இரண்டு மெஷின்கள் நிற்கின்றன. அதிகாலை ஐந்தரைக்குத் திறக்கும்போது போகக்கூடியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்றும் அப்போது தாங்கக்கூடியதாக இருக்கிறது. போயா தினங்களில் மூடிவிடுவார்கள்.

சாமான்கள் விடயத்தில் இவர்கள் பணம் பறிப்பதில்லை. இடுப்புப் பட்டி, மணிக்கட்டுப் பட்டி, கையுறை எதுவும் மூன்று மாதத்துக்குத் தேவையில்லை என்று தாங்களே சொல்கிறார்கள். சப்பாத்து மட்டும் முக்கியம். ஓடுவதற்கான மெத்தென்ற அடியுடைய சப்பாத்தில் நின்று பாரம் தூக்கும்போது கால் தளம்பும்; தட்டையான, கடினமான அடியுள்ள சாதாரண கன்வஸ் சப்பாத்து போதும். டெட்லிஃப்டை வெறுங்காலுடன் செய்யவும் விடுகிறார்கள்.

உணவைப் பற்றிய ஆலோசனை கலப்பானது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் புரத மா (புரோட்டீன் பவுடர்) டின்கள் கோபுரமாக அடுக்கியிருக்கின்றன. மேசையில் இருக்கும் பையன் அவற்றை விற்கப் பார்ப்பான், பயிற்றுவிப்பாளர் அதைப் பற்றிப் பேசமாட்டார். தசை வளர உடலின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் போதும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 65 கிலோ எடையுள்ளவருக்கு அது 104 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், அவித்த கடலை ஒரு கோப்பையில் 14 கிராமுக்கு மேல், சமைத்த கோழி இறைச்சி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல், உலர்ந்த சோயா மீட் 100 கிராமில் ஏறத்தாழ 50 கிராம் என்று பார்த்தால், பருப்பும் மீனும் தயிரும் புழங்கும் நம் சமையலறையில் அதை அடைவது கடினமன்று. கடினம் எங்கே என்றால், தட்டில் சோறு மலையாகவும் கறி ஓரமாகவும் இருக்கும் நம் பழக்கத்தில். பயிற்சி நாளான வெள்ளிக்கிழமை பல வீடுகளில் சைவம் என்பதால், அன்று கடலை, சோயா, தயிர், உழுந்து ஆகியவற்றைக் கணக்கோடு சேர்க்கவேண்டும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பர்களுக்காக இரவு ஒன்பதரை வரை நிலையத்தைத் திறந்து வைத்திருப்பது பாராட்டத்தக்கது.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதன் பின்னர், இறக்குமதியாகும் புரத மா நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் பொருளாக இல்லை. மாவில் ஏதேனும் வாங்கத்தான் வேண்டும் என்பவர், தசைக்குச் சக்தி கொடுக்க உதவும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டை வாங்கலாம்; நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும், ஆய்வுகளின் ஆதரவும் அதற்கு உண்டு; சிறுநீரக நோய் உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. உள்ளடக்கம் எழுதப்படாத பைகளில் ‘உடம்பு வைக்கும்’ மா என்று விற்பதை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம்.

கட்டணம் மூன்று மாதப் பயிற்சிக்கு 30,000 ரூபா. சேர்வதற்கு மேலதிகமாக 3,000. பயிற்சி முடிந்தபின் சாதாரண உறுப்பினராகத் தொடர மாதம் 7,000. பயிற்றுவிப்பாளர் ஒருவர் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் எடுப்பதில்லை என்பதால் முதல் தொகை எனக்கு நியாயமாகவே பட்டது. மாதம் 7,000 என்பது, துருப்பிடித்த தண்டுகளையும் இரண்டே ரேக்குகளையும் நினைக்கும்போது, அதிகம். சுகவீனத்தாலோ வெளியூர்ப் பயணத்தாலோ வரமுடியாத வாரங்களைப் பின்னால் சேர்த்துத் தருவதில்லை. முழுத்தொகையையும் முதலிலேயே கட்டவேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டுத்தான் வாங்கவேண்டியிருந்தது.

ஒருபோதும் பாரம் தூக்காதவர், முறையாகப் பழக விரும்புபவர், காலையில் போகக்கூடியவர் ஆகியோருக்கு இந்த மூன்று மாதப் பயிற்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மருமகன் தொடர்ந்து போகிறான். நான் பயிற்சி முடிந்ததும் கொப்பியை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் கட்டணம் குறைந்த, 1.25 கிலோத் தட்டுகளும் ஓர் ஒழுங்கான ரேக்கும் உள்ள வேறோர் இடத்துக்கு மாறிவிட்டேன். கற்றுக்கொண்டதைச் செய்ய அவ்வளவே போதுமாக இருக்கிறது. ஏற்கெனவே பழகியவர்களும் போட்டிக்கு ஆயத்தமாகிறவர்களும் இங்கே வருவதில் பயனில்லை. சேர எண்ணுபவர் கேட்டால் ஒரு நாள் இலவசமாக இருந்து பார்க்க விடுகிறார்கள். அதற்குக் காலையில் போகாமல், ஒரு திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குப் போய் ரேக்கின் பக்கத்தில் நின்று பாருங்கள். பணம் கட்டுவதா இல்லையா என்பதை அந்த நெரிசலைப் பார்த்தபின் தீர்மானிக்கலாம்.